குழாயின் மறுமுனை

மார்ச் 2

அக்கா,

பேப்பர்ல எழுதுறேன்! பேனா தேடவே கால் மணி நேரம் ஆச்சு. கடைசில அம்மாவோட கேஸ் புக்குக்குள்ள ஒண்ணு கிடைச்சுது. "இனிமே ஒரு லிங்க் கூட அனுப்பக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா பேப்பர்ல எழுதச் சொல்லு, ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு என் நம்பரை பிளாக் பண்ணிட்ட. ஒரே நாள்ல நாப்பத்தி மூணு லிங்க் அனுப்பினது தப்புதான். ஒத்துக்குறேன். ஆனா அதுல முப்பத்தி எட்டு ரொம்ப முக்கியமானது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஜனவரி பதினெட்டாம் தேதி நடந்தத நான் மறக்கல. துறைமுகத்துப் பக்கம் பதினெட்டு மீட்டர் ஆழத்துல உனக்குத் தலை வலிச்சு, வாந்தி வந்து, கூட டைவ் பண்ணின நெட்டை உன்னைக் கையப் புடிச்சு மேல கொண்டு வந்தான். ஆஸ்பத்திரில ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, கார்பன் மோனாக்ஸைடுன்னு சொன்னாங்க. உன் முதுகுல இருந்த சிலிண்டர்ல காத்து அடைச்சது நான். நம்ம வீட்டுப் பின்னாடி ரூம்ல, என் கம்ப்ரஸர்ல. அதுக்கப்புறம் நீ என்கிட்ட பேசவே இல்ல. மூணாவது வாரமே வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்ட.

ஆறு வாரமா இதையேதான் படிக்கிறேன். விடை கிடைச்சிருச்சு அக்கா. ஃபில்டர்! கம்ப்ரஸரோட வந்த ஃபில்டர் டார்ச் லைட் சைஸ்தான். அத நம்பி மனுஷனுக்கு மூச்சு குடுத்தது என் முட்டாள்தனம். இப்போ என் முன்னாடி மூணு வழி இருக்கு.

ஒண்ணு, சிலிண்டருக்குப் பக்கத்துல மாட்டுற குட்டி ஃபில்டர். சும்மா மனசுக்கு ஆறுதல், வேற ஒண்ணுமில்ல. ரெண்டாவது, என் இடுப்பு உசரத்துக்குத் தூண் மாதிரி ஒரு ஃபில்டர் டவர், உள்ள வடிகட்டுற சரக்க நாமளே வாங்கி அடைச்சுக்கணும். வேற ஊர்ல மூடிப்போன ஒரு டைவிங் கடைல ஒண்ணு இருக்காம். மூணாவது, அதே டவர், ஆனா கம்பெனிலயே சரக்க அடைச்சு சீல் பண்ணின குழல், கேட்ரிட்ஜ்னு பேர். தீந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடணும். நெட்ல ஒரு டைவிங் ஃபோரம்ல "ஈரமூக்கு"ன்னு ஒருத்தர் இருக்கார், இருபது வருஷ அனுபவம். அவர் ரெண்டாவதுதான் கெத்துங்குறார். "மீன்முள்"னு இன்னொருத்தர் மூணாவதுதான் அறிவுங்குறார். ரெண்டு பேரும் ஆறு பக்கம் சண்டை போட்டாங்க, செம!

நீ என்ன சொல்ற? தினமும் லிஃப்ட் செக் பண்றவ நீ, மெஷின் பத்தி உன்கிட்ட கேக்காம யார்கிட்ட கேக்குறது?

இன்னொண்ணு. ஏப்ரல் ஆறாம் தேதி நம்ம டைவிங் கிளப்புல துறைமுகத்தோட அடில கிடக்குற வலை, பிளாஸ்டிக்கெல்லாம் எடுக்குறாங்க. ஆறு பேர், பன்னெண்டு சிலிண்டர். நம்ம ஊர் டைவிங் கடை மெஷின் ரிப்பேர்ல கிடக்குது. கிளப் கேப்டன் என்கிட்ட வந்து, "தம்பி, உன்னால முடியுமா?"ன்னு கேட்டார். என்கிட்ட! புது ஃபில்டர் போட்டு அடைச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன்.

நாலு பக்கம் ஆயிருச்சு. பின்பக்கத்த கணக்குல சேக்காத.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பின்பக்கமும் பக்கம்தான்.

எனக்கு இப்போது தலைவலி இல்லை. படியேறும்போது மட்டும் ஒரு மூச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது. லிஃப்ட் ஆய்வாளர் படியேறுவதைப் பார்த்து இங்கே எல்லோருக்கும் சிரிப்பு. மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தங்கியிருக்கும் அறை பரவாயில்லை. ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. விசிறி இரண்டாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும்.

ஃபில்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். போன வாரம் ஒரு ஆறு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் தரையை ஒட்டி நிற்காமல் நான்கு விரல் கீழே நின்றது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் புது பிரேக் வாங்கி மாட்டிவிட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்று நின்றார். "எதனால கீழ எறங்குச்சுன்னு தெரியுமா?" என்றேன். "அதான் புது பிரேக் போட்டாச்சே மேடம்" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. எதனால் என்று தெரியாமல் ஒரு நல்ல சாமானை மாட்டினால், பழைய கோளாறு அந்த நல்ல சாமானுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

கேப்டனிடம் முடியாது என்று சொல்லிவிடு. ஆறு பேர் உயிர் விளையாட்டுப் பொருள் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. கம்ப்ரஸருக்கு வெளிக்காற்றை இழுக்கிற அந்த நீளக் குழாய், அதன் வாய் அன்றைக்கு எங்கே இருந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவை முழங்கால் மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

"விளையாட்டுப் பொருள்"னு எழுதிருந்தியே, அந்த வரிய நாலு தடவ படிச்சேன். வலிச்சுது. ஆனா உன்மேல தப்பில்ல. ஏன்னு கடைசில சொல்றேன்.

மொதல்ல குழாய். கூரைமேல, கம்பத்தோட உச்சில, எப்பவும் இருக்குற எடத்துலதான் இருந்துச்சு. ஜனவரி ஒண்ணாம் தேதி நானே ஏறிக் கட்டினேன். அதுல டவுட்டே வேண்டாம். அப்போ விஷவாயு வெளில இருந்து வரல. உள்ளேயே உருவாகிருக்கு. கம்ப்ரஸர் ரொம்ப சூடானா அதுல இருக்குற எண்ணெயே கருகி கார்பன் மோனாக்ஸைடு விடுமாம். மீன்முள் சொன்னார், ஈரமூக்கு கூட ஒத்துக்கிட்டார், அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறது சூரிய கிரகணம் மாதிரி. எண்ணெய் மாத்திட்டேன். ரூம்ல பழைய டேபிள் ஃபேன் வச்சுட்டேன்.

இப்போ அந்த "ஏன்".

போன ஞாயித்துக்கெழம, பழைய குட்டி ஃபில்டர்ல இருந்த கேட்ரிட்ஜ போட்டோ எடுத்து ஃபோரம்ல போடலாம்னு தொறந்தேன். அத நான்தான் அடைச்சேன், ஞாபகம் இருக்கா? பேப்பர் புனல் செஞ்சு குடுத்தது நீதான். உள்ள மூணு சரக்கு. ஈரத்த உறிஞ்சுற வெள்ளை மணி, விஷவாயுவ மாத்துற கருப்புப் பொடி, நாத்தத்த இழுக்குற கரி. அந்தப் பொடிக்கு ஈரம்னா ஆகவே ஆகாது. ஈரம் பட்டா செத்துரும். அதனால வெள்ளை மணிதான் காத்த முதல்ல வாங்கணும்.

அன்னைக்குப் பாத்த வீடியோல மேலருந்து கீழ வரிசையா பேர் வந்துச்சு. மணி, பொடி, கரி. நானும் மணி மேல வர்ற மாதிரி கரிய முதல்ல கொட்டி, அப்புறம் பொடி, கடைசில மணின்னு அழகா அடைச்சேன். ஆனா காத்து அந்த டியூப்புக்குள்ள கீழருந்து மேல போகுது அக்கா. கீழருந்து! நான் புஸ்தகம் படிக்கிற மாதிரி மேலருந்து படிச்சிட்டேன். ஈரக்காத்து நேரா போய்ப் பொடில அடிச்சிருக்கு. தொறந்தா பொடி, தண்ணி பட்ட சிமெண்ட் மாதிரி கட்டியா கிடக்கு. மேல இருக்குற மணி புத்தம் புதுசா மினுமினுங்குது. அதுக்கு வேலையே வரல.

அப்படியே தரைல உக்காந்துட்டேன். அம்மா வந்து, "என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"ன்னாங்க. ஒண்ணுமில்லன்னேன். ஒண்ணுமில்லையா? கூடப்பொறந்தவள கடலுக்கு அடில வச்சுக் கொல்லப் பாத்திருக்கேன். நீ பேசாம போனது சரிதான். நான்னா ரெண்டு அறை விட்டுட்டுப் போயிருப்பேன்.

அதனால முடிவு பண்ணிட்டேன். மூணாவது வழி. சீல் பண்ணின கேட்ரிட்ஜ். ஈரமூக்கு சிரிப்பார், சிரிக்கட்டும். என் கைய நானே நம்பல. ஆர்டர் போட்டாச்சு.

கேப்டன்கிட்ட முடியாதுன்னு சொல்லல. காரணம் இப்ப தெரிஞ்சிருச்சே! நீ கேட்டதும் அதான?

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நீ அப்படியெல்லாம் எழுதாதே. யாரும் யாரையும் கொல்லப் பார்க்கவில்லை. அந்தக் கேட்ரிட்ஜை அடைக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் அடைத்துத் தர வேண்டாம். இதை வேண்டுகோளாகவே வைத்துக்கொள்.

இங்கே வேலை அதிகம். அந்த ஆறு மாடிக்காரர் நேற்று மறுபடி வந்தார். இந்த முறை தன் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். மூட்டு வலியாம், ஐந்தாம் மாடியாம். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணா கையெழுத்துப் போட மாட்டேங்குது? பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது" என்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. தாங்கும் கம்பி ஒன்று தளர்ந்து, பாரமெல்லாம் மற்றவற்றின் மேல் விழுந்திருந்தது. பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா!!!

வந்துருச்சு!!!

பெட்டியே என் மார்பு உசரம். தூக்கிட்டு வந்த ஆள், "தம்பி, உள்ள ராக்கெட்டா?"ன்னு கேட்டார். கிட்டத்தட்டன்னேன். அலுமினியம் டவர், தட்டினா டிங்னு சத்தம் வருது, அதுக்குள்ள சீல் பிரிக்காத கேட்ரிட்ஜ். "காற்று வரும் பக்கம்"னு பெரிய அம்புக்குறி போட்டிருக்கான். எனக்காகவே போட்ட மாதிரி இருக்கு. வெளிப்போற வழில ஒரு வால்வு உண்டு. அது காத்த உடனே விடாம உள்ளயே அழுத்தத்துல புடிச்சு வைக்கும். அழுத்தத்துல இருந்தாத்தான் ஈரம் பிரிஞ்சு வருமாம். அடில ஒரு குழாய், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தொறந்து தண்ணிய வடிக்கணும். தொறந்தா தும்மல் போடுற மாதிரி சத்தம். அம்மா ஒவ்வொரு தடவையும் "நூறு வயசு"ங்குறாங்க.

கேட்ரிட்ஜ் எத்தன மணி நேரம் உழைக்கும்னு அட்டவணை இருக்கு. முப்பது மணி நேரம்னு பெருசா போட்டுட்டு, கீழ எறும்பு சைஸ்ல "இருபது டிகிரியில்"னு எழுதிருக்கான். நம்ம ரூம் மத்தியானம் முப்பத்தெட்டு. சூடு ஏற ஏற காத்துல ஈரம் கூடும், பாதி கூடத் தாங்காது. அதனால காலைல மட்டும்தான் ஓட்டப்போறேன். எட்டு மணிக்கு முன்னாடி ரூம் ஜில்லுன்னு இருக்கும். முதல் பன்னெண்டு மணி நேரத்துலயே தூக்கிப் போட்டுருவேன். பாத்தியா, எவ்ளோ பொறுப்பா இருக்கேன்!

லேபுக்குக் காத்து அனுப்பி டெஸ்ட் பண்ணலாம்னு பாத்தேன். ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகுமாம், ஆறாம் தேதிக்குள்ள வராது. விஷவாயு மீட்டர் ஒண்ணு வாங்கணும், அடுத்த மாசம் பாத்துக்கலாம். அதான் ஃபில்டர் இவ்ளோ பெருசா இருக்கே.

நீ குழாய் பத்திக் கேட்டல்ல? டவர் மாட்டும்போதுதான் பாத்தேன், அது கூரைல இல்ல. ரூமோட பின்தெருப் பக்க ஜன்னல் கம்பில கட்டிருக்கு. எப்பவோ காத்துல விழுந்து யாரோ எடுத்துக் கட்டிருக்காங்க போல. அம்மாகிட்ட கேட்டா, "எனக்கு அதைப் பாத்தாலே பயம், நான் ஏன் தொடப் போறேன்?"ங்குறாங்க. யார் கட்டினாங்களோ, முடிச்சு சூப்பர், நகத்தால நெம்பினாலும் அசையல. ஏணிய எதிர்வீட்டுல வாங்கிட்டுப் போயிருக்காங்க. அதனால இப்போதைக்கு அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரொட்டி வேன்காரர் தினம் அங்க நின்னு எட்டிப் பாத்து, "என்ன தம்பி, உள்ள என்ன காய்ச்சுற?"ன்னு கிண்டல் பண்றார்.

முப்பதாம் தேதி காலைல ஆரம்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ரெண்டு சிலிண்டர், ஆறு நாள்.

அப்புறம், போன லெட்டர்ல "சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது"ன்னு எழுதின வரிக்கு மேல ரெண்டு வரி எழுதி, கருப்பா அடிச்சிருந்த. ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். "மழை"ன்னு ஒரு வார்த்தை மட்டும் தெரிஞ்சுது. என்ன மழை? அங்க மழையா?

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்பே கம்ப்ரஸருக்குக் கரண்ட் போகாது. அம்மாவிடம் ஃபோனில் சொல்லி ஸ்விட்சை அணைக்க வைத்துவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டார்கள். அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஃபோனில் உன்னிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் அழுது, பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அந்த முடிச்சைக் கட்டியது நான்.

ஜனவரி பதினெட்டாம் தேதி காலையில் மழை தூறியது. அம்மாவின் முழங்கால் அப்போதும் வலிதான், அதனால் துணி எடுக்க நான் கூரைக்குப் போனேன். கம்பத்தில் கட்டிய கிளிப் விட்டு, குழாயின் வாய் வானத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் மெஷின் கெட்டுவிடுமே என்று குழாயைக் கீழே இழுத்தேன். ஜன்னலுக்கு மேலே சின்ன மறைப்பு இருக்கிறதல்லவா, அதன் கீழே கம்பியில் கட்டினேன். மோட்டார் அறையில் கேபிள் கட்டுகிற முடிச்சு. நகத்தால் வராது.

கட்டிவிட்டு உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ காதில் ஹெட்ஃபோனோடு ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "டேய்" என்றேன். நீ திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினாய். அதற்குள் நெட்டை வாசலில் ஹாரன் அடித்தான், அவனிடம் பேசப் போனேன். மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ரொட்டி வேன் நிற்கும். பழைய பெட்ரோல் வண்டி. இறக்கி முடிக்கும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார், அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பார். அன்றைக்கும் நின்றது. எனக்கான இரண்டு சிலிண்டரையும் நீ அடைத்த நேரம் முழுக்க நின்றது. நெட்டை தன் சிலிண்டரைக் கடையில் அடைத்து வந்திருந்தான், அதனால்தான் என்னைத் தூக்கிவர அவனுக்குத் தெம்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "காத்து அடைக்கிற எடத்துக்குப் பக்கத்துல எஞ்சின் ஏதாவது ஓடுச்சா?" அப்போதுதான் எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாய். நீதான் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், குழாய் கூரைமேல இருக்கு" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு முகமூடி போட்டிருந்தேன், ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது, அது ஒரு சாக்கு. அடுத்த நாள் முகமூடி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. உன்னோடு பேசினால் சொல்ல வேண்டி வரும், அதனால் பேசவில்லை. லிங்க் ஒரு காரணமே இல்லை. நீ கேட்ரிட்ஜைத் தலைகீழாக அடைத்ததை எழுதியபோது, கடவுளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்புறம் இரண்டு வரி எழுதி அடித்தேன். இப்போது ஜன்னல் கம்பி என்று நீயே எழுதியிருக்கிறாய், முப்பதாம் தேதி என்றும் எழுதியிருக்கிறாய். காலை எட்டு மணிக்கு முன்னால் என்றால் அதுதான் வேன் நிற்கும் நேரம்.

உன் புது ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். ஆனால் அதற்குள் இருக்கும் பொடி எவ்வளவு புகையை எவ்வளவு நேரம் மாற்றும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீட்டரும் இல்லை. பதினெட்டு மீட்டரில் காற்று மூன்று மடங்கு இறுகும், அதில் இருக்கிற விஷமும்தான். கெட்ட வாயிலிருந்து இழுத்த காற்றுக்கு நல்ல ஃபில்டர் மருந்து இல்லை.

கேப்டனுக்கும் இதையே தனியாக எழுதியிருக்கிறேன், என் தப்பு என்று. நீ சொல்ல வேண்டியதில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

அம்மா கம்ப்ரஸர் ஸ்விட்ச அணைக்கல, வீட்டு மெயினையே அணைச்சுட்டாங்க. உன் லெட்டர் வர்ற வரைக்கும், ஒண்ணரை நாள் கரண்ட் இல்ல. "உங்கக்கா சொன்னா, எதைன்னு சரியா கேக்கல, எல்லாத்தையும் அணைச்சுட்டேன்"ங்குறாங்க. ஃப்ரிட்ஜ் தண்ணி விட்டு சமையல்கட்டு குளமாயிருச்சு. நான் போடப் போனா, "தொட்ட, கைய உடைப்பேன்".

உன் லெட்டர படிச்சுட்டு நாலு நாள் எதுவும் எழுதல. எழுதினா என்ன எழுதிருப்பேன்னு எனக்கே தெரியாது.

பத்து வாரம் அக்கா. பத்து வாரமா சோறு எறங்கல. கிளப்புல எல்லாரும் என்னைப் பாத்தா பேச்ச நிறுத்துவாங்க. நெட்டை இன்னும் என்கூட சரியா பேச மாட்டேங்குறான். அம்மா என்னைத் திட்டவே இல்ல, அதுதான் ரொம்ப மோசம். உனக்குத் தெரியும். நீ பேசாம ஊருக்குப் போய் அடுத்தவன் லிஃப்ட்டுக்குக் காரணம் கண்டுபுடிச்சுக்கிட்டு இருந்த. பிரேக், கம்பின்னு எனக்குக் கதை வேற.

நான் நல்லவன்னு சொல்லல. கூரைல இருக்குன்னு டாக்டர்கிட்டயும் உன்கிட்டயும் அடிச்சுச் சொன்னேனே, ஒரு தடவ கூட ஏறிப் பாக்கல. மூவாயிரம் பக்கம் படிச்சிருப்பேன். தலைய வெளிய நீட்டி ஜன்னலப் பாக்கல. கேட்ரிட்ஜும் தலைகீழ். அதுவும் என் கைதான். உன் தப்பு உனக்கு, என் தப்பு எனக்கு. ஒண்ணக் காட்டி ஒண்ணக் கழிக்க முடியாது.

கேப்டன்கிட்ட உன் லெட்டர் போறதுக்கு முன்னாடி நானே போயிட்டேன். ஆறு பேரும் இருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், கேட்ரிட்ஜ், குழாய், வேன், எல்லாம். கேப்டன், "முப்பதாம் தேதி நீ அடைச்சிருந்தா, ஆறாம் தேதி நான்தான் முதல் ஆளா எறங்கிருப்பேன்"ன்னார். அவ்ளோதான் சொன்னார். வேற ஊர் கடைல சிலிண்டர் வாங்கிக்கிறாங்க. மூணு மணி நேரம் வண்டில போய் எடுத்துட்டு வரணும். நெட்டைதான் ஓட்டுறான்.

பஸ் டிப்போல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட மீட்டர் ஒரு நாளைக்கு வாங்கினேன். கம்ப்ரஸர ஓட்டல. குழாய் வாய்ப்பக்கம் மட்டும் புடிச்சுப் பாத்தேன். வேன் நிக்கும்போது ஜன்னல்ல, பத்து லட்சம் பங்கு காத்துக்கு விஷவாயு இருநூத்திப் பத்து பங்கு. சிலிண்டர்ல அடைக்கிற காத்துல அஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. கூரைல சைபர். வேன்காரர்கிட்ட நம்பரக் காட்டினேன். அதப் பாத்துட்டு, "நான் தினமும் இங்கதான தம்பி நிக்கிறேன்"ன்னார். அன்னைலருந்து எஞ்சின அணைக்கிறார். கிளம்பும்போது நானும் தெருவுல இன்னும் ரெண்டு பேரும் சேந்து வேனத் தள்ளுறோம்.

உன் முடிச்ச அறுத்துட்டேன். ஏணி வந்துச்சு. குழாய கூரைல, புதுக் கம்பத்துல, வாயக் கீழ பாத்து வளைச்சுக் கட்டிருக்கேன். இனி மழை உள்ள போகாது. இத ஜனவரிலயே யோசிச்சிருக்கணும்.

கொஞ்ச நாள் எழுதாத.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒரு பத்திதான்.

அந்த டாக்டருக்கு ஃபோன் செய்து ரொட்டி வேனைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா ஃபோனை வைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவர்களே கூப்பிட்டு, "சாப்டியா?" என்றார்கள். நெட்டைக்கும் எழுதியிருக்கிறேன். உன் பத்து வாரத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நீ எழுதும்வரை காத்திருக்கிறேன்.

அக்கா


மே 11

அக்கா,

கோபம் போகல. ஆனா சொல்றதுக்கு விஷயம் சேந்துருச்சு.

மீட்டர் வாங்கிட்டேன், சொந்தமா. டவர்ல இருந்து காத்து வெளிய வர்ற எடத்துலயே மாட்டிருக்கேன். அஞ்ச தாண்டினா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தும். டெஸ்ட் பண்ண தீப்பெட்டிக் குச்சிய ஊதி அணைச்சு மீட்டர் வாய்ப்பக்கம் காட்டினேன். அது கத்தின கத்துல அம்மா ஓடி வந்து மெயின அணைக்கப் போயிட்டாங்க. பாதி வழில புடிச்சு நிறுத்தினேன்.

லேபுக்கு ரெண்டு தடவ அனுப்பினேன். முதல் தடவ விஷவாயு இல்ல, எண்ணெய் இல்ல, ஆனா ஈரம் அதிகம்னு ஃபெயில் பண்ணிட்டாங்க. தண்ணிய பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வடிக்காம, பேசிக்கிட்டு இருந்து இருபது நிமிஷம் விட்டது நான்தான். புது கேட்ரிட்ஜ் போட்டு, ஃபோன்ல அலாரம் வச்சு, அதத் தள்ளி வச்சுட்டு, மறுபடி அனுப்பினேன். வியாழக்கிழம வந்துச்சு. எல்லாத்துலயும் பாஸ்.

ஃபோரம்ல ரிப்போர்ட்டப் போட்டேன். ஈரமூக்கு, "சீல் கேட்ரிட்ஜ்தான? அதுல என்ன பெருமை"ன்னார். முன்னாடின்னா ஆறு பக்கம் சண்டை போட்டிருப்பேன். லைக் போட்டுட்டு வந்துட்டேன்.

நேத்து எறங்கினேன். நான் அடைச்ச சிலிண்டர்லதான், வேற யாரையும் விடல. நெட்டை கூட வந்தான், அவனோட சிலிண்டர் கடையோடது. அதே எடம், பதினெட்டு மீட்டர். முப்பது நிமிஷம் இருந்தேன். மேல வந்ததும் கேப்டன் படகுல இருந்து, "காத்து எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டார்.

எப்படியுமே இல்ல அக்கா. வாசனை இல்ல, ருசி இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்போதான் உறைச்சுது, அன்னைக்கு எறங்கும்போது உனக்கும் இதே மாதிரிதான இருந்திருக்கும். நல்ல காத்துன்னு நம்பி இழுத்திருப்ப. புகை நாத்தத்த கரி இழுத்துரும், அப்புறம் இருநூத்திப் பத்தும் சைபரும் மூக்குக்கு ஒண்ணுதான். எவ்ளோ பெரிய ஃபில்டர் வச்சாலும், எறங்குறவனுக்குத் தெரியாது, மேல இருக்குறவன் சொன்னாத்தான் உண்டு. கேப்டன்கிட்ட, "லேப்ல பாஸ் சார்"னு மட்டும் சொன்னேன்.

நெட்டை கரைக்கு வந்ததும் என் சிலிண்டரத் தூக்கி வண்டில வச்சான். "அடுத்த வாரம் எனக்கும் ரெண்டு அடைச்சு வை"ன்னான். நாலு மாசத்துல அவன் என்கூடப் பேசின முதல் முழு வாக்கியம்.

லீவு போட்டு வா. உனக்கு முன்கூட்டியே அடைச்சு வைக்க மாட்டேன். நீ வந்தப்புறம், மொதல்ல கூரைல ஏறிக் குழாயப் பாரு, கேட்ரிட்ஜ்ல அம்புக்குறியப் பாரு, அப்புறம் நீயே ஸ்விட்சப் போடு. ஒரு சிலிண்டருக்கு இருபது நிமிஷம், ரெண்டுக்கு நாப்பது. அந்த நாப்பது நிமிஷமும் நான் உன்னைத் திட்டுவேன், நீ வாயத் தொறக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மட்டும் நிறுத்துவேன், தண்ணி வடிக்க.

தம்பி